நோயாளரைத் தேடிச் சென்ற யோசேப் வாஸ் அடிகளார்

கத்தோலிக்க ஆலயத்தில் குருவானவர் திருப்பலியில் அர்ச்சித்து வழங்கும் அப்பம் நற்கருணை எனப்படும். நோயுற்றுப் படுத்த படுக்கையாய்க் கிடப்போர் ஆலயத்திற்கு வர இயலாது. ஆதலால் குருவானவரே அவர்தம் இல்லத்திற்கு அதனை எடுத்துச் செல்வார். இப்பணிக்காகத் தம் உயிரையும் பொருட்படுத்தாது உழைத்த பெரியார் ஒருவர் உண்டு. அவரே யோசேப் வாஸ் அடிகளார்.

அவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவில் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஒல்லாந்தர் ஆண்டனர். அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை நாட்டினுள் நுழையவொட்டாது தடுத்தனர். இறக்கும் தறுவாயில் இருந்தோருக்கும் நற்கருணை அளிப்பாரில்லை. இச்செய்தி அடிகளாரின் உள்ளத்தை உருக்கியது. 1687இல் ஏழைக் கூலியாளைப்போல் உடுத்து, தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து சென்றார்.

யாழ்ப்பாணம் சேர்ந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பு அவரை வாட்டியது. ஆதரவற்றுக் கிடந்த அவரை இரக்கமுள்ள பெண்மணி ஒருவர் தந்த கஞ்சியே காத்தது என்பர். நோயாளியின் தனிமை எத்தகையது என்பதை அவர் தாமே பட்டுணர்ந்தார். உடல் தேறியதும் தம் பணியைத் தொடங்கினார். பகலில் மறைந்திருந்து, இரவில் வீடு வீடாகச் சென்று நோயாளருக்கு நற்கருணை வழங்கினார். பிடிபட்டால் சிறை என்பதை அறிந்தும் அவர் நிற்கவில்லை.

1692இல் கண்டி நகரை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றர் என ஐயுற்ற அரசன் அவரைச் சிறையிலிட்டான். அடிகளாரின் தூய வாழ்வைக் கண்டு பின்னர் மனம் மாறினான்.

1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. உற்றாரும் அஞ்சி நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளாரோ, தம் உறவினரான கார்வாலோ அடிகளாருடன், கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்றார். அவர்களுக்கு உணவூட்டினார், மருந்திட்டார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். கத்தோலிக்கருக்குத் திருவருட்சாதனங்களை அளித்தார். ஆயினும் கஞ்சியும் மருந்தும் கொடுக்கையில் இன்ன சமயத்தார் என்று எவரையும் வினவினாரல்லர்.

இருபத்து நான்கு ஆண்டுகள் இலங்கையில் தொண்டாற்றி, 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் இயற்கை எய்தினார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மாணவச் செல்வங்களே! நம் தோட்டங்களிலும், நடமாட இயலாது வீட்டினுள் கிடக்கும் பாட்டியும் தாத்தாவும் உள்ளனர். கோயில் திருவிழாவுக்கோ பள்ளி விழாவுக்கோ அவர்களால் வர இயலாது. நாம்தாம் அவர்களை நாடிச் செல்லுதல் வேண்டும். கையில் ஒரு குவளைக் கஞ்சியோடு சென்று, அருகமர்ந்து நலம் விசாரித்தல் எச்சமயத்தாருக்கும் உரிய அறமாகும்.