உடுக்கக் கற்றுக்கொடுத்தவர்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் பழமொழி. ஆனால், ஆண்மகன் ஒருவன் தன் ஆடையைப் பற்றி அக்கறை கொள்வதே இழுக்கு என்று கருதிய நாடுகளும் உண்டு. 1950-களின் ஜப்பான் அப்படித்தான் இருந்தது. மாணவன் என்றால் கழுத்தை இறுக்கும் கறுப்புச் சீருடை. அலுவலகம் புகுந்தால் தையற்காரர் அளவெடுத்துத் தைத்த கோட்டு. இரண்டுக்கும் நடுவே இளைஞனுக்கென்று ஓர் உடை இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் கென்சுகெ இஷிசு.

மேற்கு ஜப்பானில் உள்ள ஒகயாமா நகரில், காகித மொத்த வியாபாரி ஒருவரின் மகனாக 1911-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பொன்னிறப் பொத்தான் வைத்த சீருடை அணியலாம் என்பதற்காகவே, வீட்டுக்குத் தொலைவிலிருந்த பள்ளியில் தம்மைச் சேர்க்கும்படி சிறு வயதில் பெற்றோரிடம் அடம் பிடித்தாராம்! டோக்கியோவில் மெய்ஜி பல்கலைக்கழகத்தில் பயின்றபோதும் பாடநூலைவிட மோட்டார் சைக்கிளும் புதுமாதிரி உடையுமே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன.

பின்னர் போர் வந்தது. கட்டுப்பாடுகளால் குடும்பத்தின் காகித வியாபாரம் நொடித்தது. 1939-இல் மனைவி மக்களோடு சீனாவின் தியான்ஜின் நகருக்குச் சென்று, அங்கே ஒரு ஜப்பானியத் துணிக்கடையில் பணியாற்றி, உடைத் தொழிலின் நுணுக்கங்களைக் கற்றார். 1945-இல் ஜப்பான் தோற்றது. நகருக்குள் வந்த அமெரிக்கப் படையின் இளம் அதிகாரி ஒருவர் அவருக்கு நண்பரானார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்த அவர் வாயிலாகத்தான் ‘ஐவி லீக்’ எனப்படும் எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாணவ வாழ்க்கையைப் பற்றி இஷிசு முதன்முதலாகக் கேள்விப்பட்டார். தோற்ற நாட்டவனின் காதில் வென்ற நாட்டவன் போட்ட அந்த விதை முளைக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1946-இல் எல்லாவற்றையும் இழந்து, முதுகில் சுமந்த மூட்டையோடு தாயகம் திரும்பினார். சில ஆண்டுகள் ஓசாகாவில் பிறரிடம் வேலை பார்த்தபின், சொந்தமாக ‘வான் ஜாக்கெட்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1959-இல் அமெரிக்கா சென்று, பிரின்ஸ்டன் மாணவர்கள் உடுப்பதை நேரில் கண்டு படம் பிடித்து வந்தார். தோளில் பஞ்சுத் திணிப்பில்லாத கோட்டு, காலர் முனையில் பொத்தான் வைத்த சட்டை, பருத்திக் கால்சட்டை, நாடாவில்லாத ஷூ: இவற்றை ஆயத்த ஆடையாக ஜப்பானிய இளைஞனுக்குத் தந்தார்.

துணியை விற்றதோடு அவர் நிற்கவில்லை. உடுக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். 1954-இல் தோன்றிய ஆண்கள் உடை இதழ் ஒன்றில் தொடர்ந்து எழுதினார். காலம், இடம், சந்தர்ப்பம் என்ற மூன்றையும் பார்த்தே உடுக்கவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அவர் பரப்பிய டி.பி.ஓ. என்ற தொடர் ஜப்பானிய மொழியிலேயே நிலைத்துவிட்டது.

1964-ஆம் ஆண்டுக் கோடையில், டோக்கியோவின் கின்சா பகுதியிலுள்ள மியுகி தெருவில் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் கூடினர். குட்டைக் கால்சட்டையும் கையில் ‘வான்’ பெயர் பொறித்த காகிதப் பையுமாக அவர்கள் வெறுமனே உலவினர். ஒலிம்பிக் பந்தயங்கள் நெருங்கிய நேரம் அது. கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். காவல் துறையினர் இஷிசுவையே நாட, அவர் இளைஞர்களைக் கூட்டி அறிவுரை கூறினார். அப்படியும் கலையாதவர்களை செப்டம்பர் மாதம் போலீசார் வளைத்துப் பிடித்தனர். அமெரிக்காவில் கனவான் வீட்டுப் பிள்ளையின் உடை, டோக்கியோவில் காலியின் அடையாளம்! என்ன விந்தை!

மறு ஆண்டில் இன்னொரு விந்தை. இஷிசுவின் மகனும் நண்பர்களும் ஐவி லீக் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று ‘டேக் ஐவி’ என்ற படநூலை வெளியிட்டனர். கோட்டும் டையும் காணப்போனவர்கள் கண்டதோ வெட்டிய கால்சட்டையும் ரப்பர் செருப்பும். வீட்டுக்கு உரியவன் அலட்சியமாக இருக்கலாம்; வெளியிலிருந்து வந்தவன்தான் விதியை எழுத்தெண்ணிக் கற்கிறான். ஊர் விட்டு ஊர் வந்து, இங்குள்ள குளிருக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப உடுக்கப் பழகிய நமக்கு இது தெரியாததா?

அளவுக்கு மீறிக் கிளை பரப்பிய ‘வான் ஜாக்கெட்’ 1978-இல் திவாலாயிற்று. இஷிசு 2005-இல், 93-ஆம் வயதில் மறைந்தார். ஆனால் விதைத்தது வீண்போகவில்லை. 2010-இல் ‘டேக் ஐவி’ ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, தங்கள் பாட்டனார் உடுத்த விதத்தை அமெரிக்க இளைஞர்களே அதில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ‘வான்’ ஆடைகளை விற்ற ஒரு கடைக்காரரின் மகன் வளர்த்ததுதான் 2019-இல் டில்லியில் கடை திறந்த ‘யுனிக்லோ’.

ஆய்வுக்கூடத்தில் பிறர் கண்ட சோதனையை அணுவும் பிசகாமல் செய்து பார்த்த பின்னரே நமக்கென்று ஒரு வழி புலப்படுகிறது. இஷிசு செய்ததும் அதுவே. கடன் வாங்கியதற்காக அவர் நாணவில்லை. வாங்கியதை அரைகுறையாகக் கற்கவுமில்லை. பிறர் பண்பாட்டின் நடுவே வாழும் மாணவர்களாகிய நாம் அவரிடம் கற்கவேண்டிய பாடம் இதுதான்.