பெருந்தலைவர் காமராசரும் பள்ளிக்கூடத்துப் பாலும்

நம் கரிசல் சீமையில் மழை பொய்த்தால் கம்பும் பொய்க்கும். திருச்சுழிப் பக்கம் குண்டாறு வெறும் மணலாய்க் கிடக்கும் மாதங்களே மிகுதி. அத்தகைய காலத்தில் ஏழைத் தாய்க்கு இரண்டே வழி. பிள்ளையை ஆடு மேய்க்க அனுப்பிக் கஞ்சிக்கு வகை தேடலாம். அல்லது வெறும் வயிற்றோடு பள்ளிக்கு அனுப்பலாம். மூன்றாவது வழி ஒன்றைத் திறந்தவர், நமக்கு அடுத்த ஊரான விருதுநகரில் பிறந்த காமராசர்.

அன்னார் 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியில் வளர்ந்த பள்ளிக்கூடம். வீட்டுப் பெண்கள் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பார்கள். அது சேர்ந்து பள்ளிச் செலவுக்கு ஆகும். ஆனாலும் அவருடைய படிப்பு பாதியில் நின்றது. மாமன் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பிற்காலத்தில் அவர் செய்த பெருங்காரியத்துக்கு அந்தப் பிடியரிசியே வித்து என்பது எம் எண்ணம்.

விடுதலைப் போரையும் சிறைவாசத்தையும் எல்லாரும் அறிவர். 1954-இல் முதலமைச்சரானார். சுற்றுப்பயணத்தில் மாடு மேய்த்த சிறுவனிடம் பள்ளிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டதாகவும், போனால் சோறு யார் தருவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் கூறுவர். பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழாமல் இல்லை. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு துணை நின்றார். 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா கணக்கு. 6 பைசா அரசு, 4 பைசா ஊரார். அந்த நாலு காசில்தான் சூட்சுமம் இருந்தது. சோறு சர்க்கார் தருமமாக இராமல் ஊர்ப் பொறுப்பாயிற்று. காசில்லாதவர் விறகோ காயோ கொடுக்கலாம்.

1961 முதல் கேர் நிறுவனம் பால் பவுடர், எண்ணெய், மக்காச்சோள மாவு ஆகியவற்றை அனுப்பிற்று. பவுடரைக் கொதிநீரில் நேரே கொட்டினால் கட்டி தட்டும். ஆறிய நீரில் குழைத்த பின்பே கலக்க வேண்டும். புது வாடைக்கு முகம் சுளித்த பிள்ளைகளும் உண்டு. ஆயினும் பசுவோ எருமையோ இல்லாத குடிசைப் பிள்ளைக்கு அது பெரும் பேறல்லவா! அக்காலத்தில் கத்தோலிக்க நிவாரணச் சங்கத்தின் பால் பவுடரும் பங்குக் கோவில்கள் வழியாக ஏழைத் தாய்மாருக்குக் கிடைத்தது. வரிசையில் பாத்திரத்தோடு நின்ற பெரியவர்கள் இதைப் படிக்கையில் சிரிக்கக்கூடும்.

1957-லும் 1962-லும் சாத்தூர் மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். 1967-இல் சொந்த ஊரான விருதுநகரே அவரைத் தோற்கடித்தது. பள்ளிக்கூடத்து உலை மட்டும் அணையவில்லை. 1975 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தி பிறந்த தினத்தில், அவர் உயிர் பிரிந்தது.

1977-இல் நம் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதல்வரான எம்.ஜி.ஆர்., 1982 ஜூலை 1 முதல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பள்ளி வயது எட்டாத இரண்டு வயதுக் குழந்தைக்கும் அன்றுமுதல் வட்டில் வைக்கப்பட்டது.