அரசுப் பள்ளியில் மதபோதனை ஏன் இல்லை? அம்பேத்கர் வாழ்க்கையில் இருக்கிறது பதில்

மெட்டுகுடா மெட்ரோவில் தினமும் ஏறுகிறீர்களா? பக்கத்திலிருக்கும் உஸ்மானியா பல்கலைக்கழகம்தான் 1953-ல் அம்பேத்கருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கும் அவருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு.

1891-ல் பிறந்த அவர், சதாரா பள்ளியில் தனிச் சாக்கில்தான் உட்கார வேண்டும், தண்ணீரைத் தொடக்கூடாது. பம்பாயில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார். சாதியைக் காட்டி மறுத்ததால் பாரசீகம் படித்தார்.

1947-ல் அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவரானார். 1948 டிசம்பர் விவாதத்தில் அவர் வாதம் சிம்பிள்: இத்தனை மதங்கள் உள்ள நாட்டில், எல்லோர் வரிப்பணத்திலும் நடக்கும் பள்ளி எந்த மதத்தைப் போதிக்கும்?

அதுதான் 28-வது பிரிவு. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில் இருக்கலாம். ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளையை அதில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது.

மதங்களைப் பற்றிப் பாடமாகப் படிப்பது வேறு விஷயம். அதற்குத் தடையில்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அம்பேத்கர் மதமே வேண்டாம் என்றவர் இல்லை. 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6-ல் மறைந்தார். மதத்தை அவரே தேர்ந்தெடுத்தார். அதே உரிமை உங்கள் வீட்டுக்கும் இருக்கு.