சகோதரி நிவேதிதையும் கல்கத்தா வாலிபரும்

நோயாளருக்குப் பணிவிடை செய்தவர் யார் என்று வினவினால், நம்மிற் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரே. மிஷன் பாடசாலைகளிற் கல்வி பயின்ற நாம் அவரது சரிதையைச் சிறுவயதிலேயே மனப்பாடஞ் செய்துவிட்டோம். அதிற் குறையொன்றுமில்லை. ஆயின், கிறித்தவப் போதகர் ஒருவரின் மகளாய்ப் பிறந்து, சுவாமி விவேகானந்தரின் சீடராகி, கல்கத்தாச் சேரிகளிலே பிளேக் நோயாளர் மத்தியில் உழைத்த மற்றோர் அம்மையாரை நாம் அறிந்தது வெகுகாலஞ் சென்ற பின்னரே. அவரே சகோதரி நிவேதிதை.

அவரது இயற்பெயர் மார்கரெட் எலிசபெத் நோபிள். அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள டங்கனன் என்னும் ஊரில் 1867 ஆம் ஆண்டு ஒக்டோபர் 28 ஆந் திகதி பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்து, பதினேழாம் வயதில் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1895 நவம்பரில் லண்டன் மாநகரிற் சுவாமிகளைச் சந்தித்தார். கேட்டதும் நம்பிவிட்டாரல்லர், கேள்விமேற் கேள்வி கேட்டு, நெடுநாள் ஆலோசித்த பின்னரே குருவாக ஏற்றார். தருக்கம் பேசுவதில் விருப்பமுள்ள நம் போன்றோருக்கு இது மகிழ்ச்சி தருஞ் செய்தி!

1897 ஜனவரியிற் சுவாமிகள் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் வந்து, பெரும் வரவேற்புப் பெற்றுச் சென்றார். அதற்கு ஓராண்டின் பின், 1898 ஜனவரி 28 இல், மார்கரெட் கல்கத்தாவை வந்தடைந்தார். மார்ச்சு 25 இற் பிரமசரிய தீட்சை பெற்று நிவேதிதையானார். அர்ப்பணிக்கப்பட்டவள் என்பது அப்பெயரின் பொருள். அவ்வாண்டு நவம்பரிற் பாக்பஜாரிலே பெண்பிள்ளைகளுக்கென அவர் தொடங்கிய சிறு பள்ளிக்கூடத்தை அன்னை சாரதாதேவியார் திறந்து வைத்தார்.

பிளேக் நோய் கல்கத்தாவை எட்டியதும் அதே 1898 இலேதான். சனங்கள் நோய்க்கு அஞ்சியதைப் பார்க்கிலும், அரசினர் நோயாளரைப் பிரித்து வைத்தலுக்கும் ஊசி மருந்துக்கும் அதிகமாக அஞ்சினர். டார்ஜிலிங்கில் உடல்நலம் பேணிக்கொண்டிருந்த சுவாமிகள் செய்தி கேட்டதும் திரும்பினார். பணம் போதாவிடின், மடத்துக்கென வாங்கிய நிலத்தையே விற்றுவிடச் சித்தமாயிருந்தார்.

1899 மார்ச்சில் நோய் மீண்டுந் தலைகாட்டிற்று. இராமகிருஷ்ண மிஷன் ஒரு நிவாரணக் குழுவை அமைத்தது. காரியதரிசி நிவேதிதை, வேலைத்தலத்திலே தலைமை தாங்கியவர் சுவாமி சதானந்தர். தோட்டிகளைக் கூலிக்கமர்த்திச் சேரிகளின் குப்பைகளை அள்ளுவித்தார்கள். எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே இந்நோயைப் பரப்புகின்றது என்று சீமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1898 இற் கண்டறிந்திருந்தும், உலகம் அதை நம்பப் பல ஆண்டுகள் சென்றன. ஆகவே, குப்பையை அகற்றிய அவர்கள் எலிகளின் இருப்பிடத்தையும் அகற்றினார்கள் என்பது இன்றைய அறிவைக் கொண்டு நாம் சொல்வது.

பணம் வேண்டி அம்மையார் ஆங்கிலப் பத்திரிகைகளில் விண்ணப்பஞ் செய்தார். ஆள் வேண்டி, ஏப்பிரல் மாதத்திற் கிளாசிக் தியேட்டரிலே மாணவர் கூட்டமொன்றைக் கூட்டினார். சுவாமிகள் தலைமை வகிக்க, பிளேக் காலத்தில் மாணவரின் கடமை பற்றி அம்மையார் பேசினார். தொண்டாற்ற முன்வந்தோர் பதினைந்து பேர். அத்துணைப் பெரிய நகரிற் பதினைந்தே பேர்! எனினும் அவர்கள் குறிக்கப்பட்ட சேரிகளில் வீடுவீடாய்ச் சென்று, சுகாதாரத் துண்டுப் பிரசுரங்களை வழங்கி, இதமாகப் புத்திமதி கூறினர். ஞாயிற்றுக்கிழமைகளிற் கூடித் தாம் செய்ததை அம்மையாருக்கு அறிவித்தனர்.

இவற்றிலும் மேலாக நம் உள்ளத்தைத் தொடுவது பாக்பஜார் வீதியில் நடந்தது. தெருக் கூட்டுவோர் கிடையாத ஒரு நாளில், அம்மையார் தாமே விளக்குமாற்றையும் கூடையையும் எடுத்துத் தெருவைக் கூட்டத் தொடங்கினார். வெள்ளைக்காரப் பெண்மணியொருவர் தங்கள் வாசலிற் குப்பை அள்ளுவதைக் கண்ட அவ்விடத்து வாலிபர் நாணி, தாமும் விளக்குமாறு எடுத்தனர். அவர்கள் படித்த, மேற்குலத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். விளக்குமாறு அவர்கள் குலத்துக்கு ஆகாத பொருள். அவ்வெண்ணம் நமது ஊரிலே முற்றாக ஒழிந்துவிட்டதென்று கூற நாம் துணியோம், பெரியோர் மன்னிப்பார்களாக. திருவிழாவிலே மார்பில் நாடா குத்திக்கொண்டு சனங்களை ஒழுங்குபடுத்த நம்மில் நூறு பேர் முந்துகிறோம். மறுநாள் வீதியிற் கிடக்கும் எச்சிலிலையை எடுப்பார் யார்?

பாக்தி என்னுந் தாழ்த்தப்பட்ட குலத்தவர் வாழ்ந்த சேரியிலே தாயைப் பறிகொடுத்த குழந்தையொன்று பிளேக்கில் வீழ்ந்தது. வைத்தியர் இராதாகோவிந்த கர் காலையில் அதனைப் பார்த்துச் சென்றார். மாலையில் மீண்டும் போனபோது, ஈரங்கசியும் அக்குடிசையில் அம்மையார் குழந்தையை மடியிற் கிடத்தியிருக்கக் கண்டார். இரவும் பகலும் அங்கேயே தங்கிய அம்மையார், ஏணியிலேறித் தாமே சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தார். குழந்தை பிழைக்கவில்லை. அம்மையாரைத் தன் தாயென்றே எண்ணி அவர் மடியில் உயிர்விட்டது.

1902 இற் சுவாமிகள் மறைந்தபின், அரசியலிலும் ஈடுபட்டமையால் அம்மையார் மிஷனின் தொடர்பை நீங்கினார். தொண்டு நீங்கவில்லை. 1906 இற் கிழக்கு வங்காளத்தைப் பஞ்சமும் வெள்ளமும் வாட்டியபோது கிராமங்களுக்கு நேரிற் சென்றார். அங்கே பாரிசாலில் அசுவினிகுமார தத்தர் திரட்டிய வாலிபர் படை கிராமந்தோறும் நிவாரணஞ் செய்துகொண்டிருந்தது. ஏழாண்டுகளின் முன் பதினைந்து பேரைத் தேடிப் பெற்ற அவருக்கு அக்காட்சி எத்துணை ஆறுதல் அளித்திருக்கும்! தாம் கண்டவற்றை அவர் நூலாகவும் எழுதினார். ஆனால் அப்பயணத்தின் பின் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். அவர் உடல்நலம் முன்போல் இருக்கவில்லை.

1911 ஒக்டோபர் 13 ஆந் திகதி டார்ஜிலிங்கில், விஞ்ஞானி ஜகதீச சந்திர போசர் குடும்பத்தாருடன் தங்கியிருந்தபோது அவர் ஆவி பிரிந்தது. நாற்பத்து நான்கு வயது நிறையவில்லை. போதகர் மகளாய்ப் பிறந்த அவரது உடல் அம்மலையூரிலே இந்து முறைப்படி தகனஞ் செய்யப்பட்டது.