கடல் நீரோட்டத்தை நம்பிய நான்சன்

உலகப் படத்தின் உச்சியில் வெள்ளையாகக் கிடக்கும் வட துருவக் கடலைப் பூகோள வகுப்பில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பனி நின்ற இடத்தில் நிற்பதன்று; ஆற்றில் விழுந்த சருகுபோல் நகர்ந்துகொண்டே இருப்பது. இதைத் தம் உயிரையும் பன்னிரண்டு தோழர்களின் உயிரையும் பணயம் வைத்து மெய்ப்பித்தவர் பிரிட்யோப் நான்சன்.

நோர்வே நாட்டில் கிறிஸ்தியானியா நகரை அடுத்த பண்ணை வீடொன்றில் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அவர் பிறந்தார். அந்நகரின் இன்றைய பெயர் ஒஸ்லோ. தந்தையார் வழக்கறிஞர், பக்தியும் கண்டிப்பும் மிக்கவர். தாயாரோ, பெண்கள் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தொடவே கூசிய அக்காலத்தில் துணிந்து சறுக்கி விளையாடியவர். மகனுக்கு அக்கலை தாய்வழிச் சொத்தாயிற்று. 1888இல் ஐந்து துணைவர்களுடன் கிரீன்லாந்தின் பனிப் பீடபூமியைக் கிழக்கிலிருந்து மேற்காக முதன்முதலில் கடந்தபோது அந்தக் கட்டைகளே அவருக்குக் கால்களாயின.

ஆனால் அவர் பெயரை நிலைக்கச் செய்தது ஒரு பழைய கால்சட்டை என்றால் வியப்பாக இருக்கும். ஜெனட் என்னும் அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி 1881இல் மூழ்கியது. மூன்றாண்டுகளுக்குப் பின் அக்கப்பலைச் சேர்ந்த காகிதங்களும் மாலுமிகளின் உடைகளும் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையருகே பனிப்பாளத்தின் மேல் கிடக்கக் கண்டார்கள். துருவக் கடலின் மறுபுறத்துக்கு அவை எப்படி வந்தன? நீரோட்டம் கொண்டுவந்தது என்றால், அதே நீரோட்டம் ஒரு கப்பலையும் கொண்டுவராதா? இதுவே நான்சனின் கேள்வி.

பனியிலிருந்து தப்ப வேண்டும் என்றே மற்றவர்கள் கப்பல் கட்டினார்கள். இவரோ பனிக்குள் வேண்டுமென்றே சிக்கிக்கொள்ளக் கப்பல் கட்டினார். பனி நெருக்கும்போது நசுங்காமல் மேலே வழுக்கி எழும்படி அடிப்பாகத்தை உருண்டையாக அமைத்தார் காலின் ஆர்ச்சர் என்னும் கப்பற்சிற்பி. முன்னே என்று பொருள்படும் ஃபிராம் என்ற பெயரை அதற்குச் சூட்டியவர் நான்சனின் மனைவி ஈவா. துருவப் பயணங்களில் பழுத்த பெரியவர்கள் பலர் இதைத் தற்கொலை முயற்சி என்றே கருதினர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பனியில் நண்பர்களைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள்.

1893 செப்டம்பரில் ஃபிராம் பனியில் உறைந்தது. ஏறக்குறைய மூன்றாண்டுகள் அது அப்படியே மிதந்தது. சில மாதங்களில் முன்னே சென்றதைவிடப் பின்னே சென்றதே அதிகம்! பொறுமை இழந்த நான்சன், யோகான்சன் என்ற துணைவருடன் 1895 மார்ச்சில் நாய்வண்டிகளோடு துருவத்தை நோக்கி நடந்தார். வடக்கே 86 பாகை 14 கலை வரை சென்று, அதற்குமேல் இயலாமல் திரும்பினார். கல்லும் வால்ரஸ் தோலும் கொண்டு கட்டிய குடிசையில், கரடி மாமிசம் உண்டு இருவரும் ஒரு குளிர்காலத்தைக் கழித்தனர். 1896 ஆகஸ்ட் 13 அன்று அவர் நோர்வே மண்ணை மிதித்தார். அதே நாளில் ஃபிராமும் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு அருகே பனியிலிருந்து விடுபட்டது. பதின்மூவரில் ஒருவர்கூட இறக்கவில்லை.

துருவத்தை எட்டவில்லையே என்று நாம் நினைக்கலாம். ஆனால் அவர் கொண்டுவந்த செல்வம் வேறு. ஆழமற்றது என்று கருதப்பட்ட அக்கடல் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமானது என்று கண்டார். ஆழம் பார்க்கக் கயிறு போதாமல், கப்பலின் இரும்பு வடத்தைப் பிரித்து முறுக்கிக் கயிறு செய்தார்களாம்! குளிர்ந்த மேல்நீருக்குக் கீழே, அட்லாண்டிக்கிலிருந்து வந்த சற்று வெப்பமான நீர் படுக்கையாகக் கிடப்பதையும் அவர் அளந்தார். பனி, காற்றடிக்கும் திசையில் செல்லாமல் வலப்புறம் விலகிச் செல்வதைக் கண்டு, இது பூமியின் சுழற்சியால் விளைவது என்று ஊகித்தார். சுவீடனைச் சேர்ந்த எக்மன் என்ற இளைஞர் அதைக் கணக்கிட்டு நிறுவினார். கிரீன்லாந்துக் கடலில் குளிர்ந்து கனத்த நீர் அடியாழத்துக்கு இறங்குகிறது என்பதையும் நான்சன் ஆராய்ந்தார். 1909இல் ஹெலண்ட் ஹான்சன் என்பவருடன் எழுதிய நூலில், நோர்வேக் கடலுக்குள் வரும் வெந்நீரோட்டத்தின் ஏற்றத்தாழ்வுக்கும் நாட்டின் தட்பவெப்பத்துக்கும் மீன்வளத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்.

1907இல் ஈவா இறந்தார். அப்போது லண்டனில் நோர்வேயின் தூதராக இருந்த நான்சன் வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கத்தின் சார்பில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நாடிழந்த அகதிகளுக்கு அவர் வழங்கச் செய்த அடையாளச் சீட்டு நான்சன் பாஸ்போர்ட் எனப்பட்டது. 1921இல் ரஷ்யப் பஞ்சத்தில் வாடியோருக்கு உதவுமாறு பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் உலகை வேண்டினார். அதே பணியில் நான்சனும் நாடு நாடாக அலைந்தார். இளமையிலேயே தாம் பிறந்த சபையை விட்டு விலகியவர் அவர். இதை மறைத்து எழுத மனம் வரவில்லை. ஆயினும் பசித்தோர்க்கு உணவிடுவதில் அவரை மிஞ்சியவர் அன்று சிலரே. 1922இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1930 மே 13 அன்று தம் இல்லத்தில் காலமானார்.

அவர் அளந்த கடல் இன்று அப்படியே இல்லை. டாரா என்ற பிரெஞ்சுப் பாய்க்கப்பல் 2006இல் அதேபோல் பனியில் உறைந்து, சுமார் 500 நாட்களில் வெளியே வந்துவிட்டது. 2019 அக்டோபரில் பனியோடு பிணைந்த ஜெர்மானியக் கப்பல் போலார்ஸ்டெர்ன் பத்தே மாதத்தில் ஃபிராம் நீரிணையை அடைந்தது. மூன்று கப்பல்களும் புறப்பட்ட இடம் ஒன்றல்ல என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஆனாலும் பனி மெலிந்து, காற்றுக்கு எளிதில் இடங்கொடுப்பதே இந்த வேகத்துக்கு முக்கியக் காரணம் என்கின்றனர். நான்சன் கண்ட வெந்நீர்ப் படுகை துருவக் கடலின் கிழக்குப் பகுதியில் மேலெழுந்து, பனியை அடியிலிருந்தும் கரைக்கிறது. உருகிய நன்னீர் உப்பு நீரைவிட இலேசானது. அது மேலே பரவினால் கனத்த நீர் கீழே இறங்குவது குறையும். ஐரோப்பாவுக்கு வெப்பம் சுமந்து வரும் அட்லாண்டிக் சுழற்சி இந்த நூற்றாண்டில் தளர்வது மிகவும் சாத்தியம் என்று 2021இல் உலக விஞ்ஞானிகளின் அறிக்கை கூறியது. 2004 முதல் அச்சுழற்சியைக் கடலில் கருவிகள் நிறுத்தி இடைவிடாது அளந்து வருகின்றனர்.

ஃபிராம் கப்பல் ஒஸ்லோ நகரில் அதற்கென்றே கட்டிய கூடத்தில் நிற்கிறது. அதன் தளத்தில் ஏறி நடக்கலாம்; அதிலிருந்து கடலில் இறக்கிய வெப்பமானிகளின் கணக்குகளை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.