நழுவ விடாத பற்கள்!

குட்டீஸ்... மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி, ஊட்டி அருகே உள்ள லவ்டேல் வரை போயிருக்கிறீர்களா? வழியில், கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளத்தின் நடுவே இரும்புப் பற்கள் தெரியும். அந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர், ரோமன் ஆப்ட்.

சுவிட்சர்லாந்தில், 1850ல் பிறந்த இவர், மலை ரயில் நிபுணர் ரிக்கன்பாக்கிடம் பணியாற்றினார்.

கயிறு கட்டி இழுக்கும் மலை ரயிலில், ஒரு பெட்டி ஏறும்போது, மற்றொன்று இறங்கும். பாதி வழியில் இரண்டும் விலக வேண்டும். அங்கே பாதையை மாற்றிவிடும் ஆள் அசந்து விட்டால், மோதல் தான்!

ஆப்ட், அந்த வேலையே தேவைப்படாமல் செய்தார். சக்கர விளிம்புகளின் அமைப்பால், ஒரு பெட்டி எப்போதும் ஒரு பக்கமும், மற்றது எதிர்ப்பக்கமும் தானாகவே விலகிச் செல்லும். சுவிட்சர்லாந்தின் கீஸ்பாக்கில், 1879ல் இது பயன்பாட்டுக்கு வந்தது.

அடுத்து, 1882ல் பற்பட்டைக்கு காப்புரிமை பெற்றார். இரண்டு பட்டைகள் அருகருகே இருக்கும். ஒன்றில் பல் உள்ள இடத்துக்கு நேராக, மற்றதில் இடைவெளி. இன்ஜினின் பல்சக்கரம், ஒரு பட்டையில் பிடியை விடும்போது, மற்றதைப் பற்றியிருக்கும். அதனால், வளைவிலும் நழுவாது.

நம் மலை ரயில், 1899ல் குன்னூருக்கும், 1908ல் ஊட்டிக்கும் வந்தது. ஆப்ட், 1933ல் மறைந்தார்.

கவனமாக இருப்பது நல்லது தான். ஆனால், தவறு செய்யவே வழியில்லாதபடி பொருளை அமைப்பது, அதைவிட நல்லது. மூன்று முள் பிளக்கைப் பாருங்கள்... தலைகீழாகச் செருக முடியாது. இதுபோல், உங்கள் வீட்டில் வேறு என்னென்ன இருக்கின்றன? தேடுங்கள்!