மீண்டவரும் உடன் நின்றவரும்

பி.எஸ்சி., வேதியியல், இரண்டாம் ஆண்டு

நாடுகளை வென்ற மாவீரர்களின் வரலாறுகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். கையிலிருந்த மதுக்கோப்பையிடம் பதினேழு ஆண்டுகள் தோற்று, பின்னர் வென்று, தம்மைப் போல் தோற்றவர்க்கெல்லாம் வழி காட்டிய ஒருவரும் உலக வரலாற்றில் இடம் பெற்றுள்ளார். அவரே அமெரிக்க நாட்டின் பில் வில்சன். அவருடைய வரலாற்றை அவருடைய துணைவியார் லோயிஸை விடுத்துச் சொல்ல இயலாது.

இளமையும் வீழ்ச்சியும்

வெர்மான்ட் மாநிலத்திலுள்ள கிழக்கு டார்செட் என்னும் சிற்றூரில் 1895ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பில் வில்சன் பிறந்தார். தந்தையார் குடும்பத்தைப் பிரிந்து சென்றார். தாயார் மேற்படிப்பிற்காகப் பாஸ்டன் நகர் சென்றார். தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியாருமே அவரை வளர்த்தனர். 1917இல் படையில் சேர்ந்தபோது ஒரு விருந்தில் முதன்முதலாக மது அருந்தினார். இயல்பிலேயே கூச்சம் மிகுந்த அவருக்கு மது அக்கூச்சத்தைப் போக்கும் மருந்தாகத் தோன்றியது.

1918ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், புரூக்ளின் நகர மருத்துவர் ஒருவரின் மகளான லோயிஸை மணந்தார். போருக்குப் பின் சட்டம் பயின்றார். பங்குச் சந்தையில் நுழைந்து பெரும்பொருள் ஈட்டினார். பொருளோடு குடியும் வளர்ந்தது. 1929இல் பங்குச் சந்தை சரிந்தபோது அனைத்தையும் இழந்தார். இருவரும் லோயிஸின் பெற்றோர் வீட்டில் தங்கினர். லோயிஸ் ஒரு பெரிய கடையில் வேலை செய்து கணவரைக் காப்பாற்றினார். இனிக் குடிப்பதில்லை என்று குடும்ப விவிலிய நூலிலேயே வில்சன் எழுதிக் கொடுத்தார். ஒரு முறையன்று, பல முறை. ஒவ்வொரு முறையும் அவ்வுறுதி உடைந்தது.

நோய் என்ற உண்மை

1933-34ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் நான்கு முறை சேர்க்கப்பட்டார். தங்கையின் கணவர் செலவை ஏற்றார். அங்கே டாக்டர் சில்க்வொர்த் அவருக்கு ஓர் உண்மையை உணர்த்தினார். குடி வெறும் ஒழுக்கக் கேடன்று. உடலையும் மனத்தையும் பற்றும் நோய் என்பதே அது. இவ்வுண்மையை அறிந்த பின்னரும் அவர் உடனே மீண்டுவிடவில்லை, மீண்டும் குடித்தார். குடியை விட்டிருந்த பழைய நண்பர் ஒருவர் தேடி வந்து பேசியது அவர் மனத்தைத் தொட்டது. 1934 டிசம்பரில் நான்காம் முறையாக மருத்துவமனை சென்றவர், அதன்பின் இறக்கும்வரை மதுவைத் தொடவில்லை.

1935 மே மாதம் தொழில் நிமித்தமாக ஆக்ரன் நகர் சென்றார். எடுத்த காரியம் தோற்றது. விடுதியின் மதுக்கூடம் அவரை அழைத்தது. அப்போது அவர் தேடியது மதுவை அன்று, மற்றொரு குடிநோயாளரை. தொலைபேசியில் பலரை விசாரித்து, டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம் மட்டுமே பேச எண்ணி வந்த மருத்துவர் ஆறு மணி நேரம் பேசினார். இடையில் ஒரு முறை வழுக்கி விழுந்த போதிலும், ஜூன் 10ஆம் நாளுக்குப் பின் அவரும் குடிக்கவில்லை. அந்நாளே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர் இயக்கம் பிறந்த நாளாகக் கருதப்படுகிறது.

லோயிஸின் கதை

கணவர் மீண்டதும் துணைவியாரின் துன்பம் தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. வில்சன் ஓயாது கூட்டங்களுக்குச் சென்றார். ஒருநாள் கூட்டத்திற்குப் புறப்படுமாறு அவர் விரைவுபடுத்தியபோது, லோயிஸ் தம் காலணியை எடுத்து அவர் மீது வீசினார்! தாம் இத்தனை ஆண்டுகள் அன்பால் முயன்றும் முடியாததைப் பிறர் சில நாட்களில் முடித்துவிட்டனரே என்னும் வேதனை அதில் இருந்தது. கணவரின் நோய் தம் மனத்தையும் புண்படுத்தியிருப்பதை அன்று அவர் உணர்ந்தார். அவ்வுணர்வின் பயனாக, 1951இல் மற்றொரு குடும்பத் தலைவியுடன் சேர்ந்து, குடிநோயாளர் குடும்பத்தினருக்கென அல்-அனான் என்னும் அமைப்பை உருவாக்கினார். 1957இல் அத்தகைய வீட்டுப் பிள்ளைகளுக்கென அலட்டீன் குழுக்களும் தோன்றின.

இறுதி நாட்கள்

1954இல் யேல் பல்கலைக்கழகம் அளிக்க முன்வந்த டாக்டர் பட்டத்தை வில்சன் ஏற்கவில்லை. பெயர் வெளியிடாமை என்னும் இயக்க நெறியையே பெரிதெனக் கருதினார். ஆனால் புகையிலைப் பழக்கம் அவரை விடவில்லை. நுரையீரல் நோயுற்று 1971 ஜனவரி 24ஆம் நாள், தம் 53ஆம் திருமண நாளில், காலமானார். லோயிஸ் 1988 வரை வாழ்ந்து பணியைத் தொடர்ந்தார்.

நாம் பெறும் பாடம்

முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்துள்ள நம்மில் சிலர், தந்தையோ அண்ணனோ குடிப்பதை வெளியே சொல்ல நாணி, விடுதி அறையில் வருந்திக்கொண்டிருக்கலாம். நன்றாகப் படித்து முதல் மதிப்பெண் பெற்றால் அப்பா குடியை விட்டுவிடுவார் என்று நம்பிய பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இவ்வரலாறு ஆறுதல் தரும். அந்நோயை உண்டாக்கியவர்கள் பிள்ளைகள் அல்லர். தம் அன்பால் மட்டுமே அதைக் குணப்படுத்தவும் அவர்களால் இயலாது. ஆனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். மீண்டும் விழுந்தால் மீண்டும் அழைத்துச் செல்லலாம்.

அறிவியல் மாணவர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், மதுவால் அடங்கியிருந்த நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கிளர்ச்சியுற்று, வலிப்பும் மனக்குழப்பமும் உண்டாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே வீட்டில் அடைத்து வைத்துத் திருத்த முயல்வது தவறு. மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும்.

பில் வில்சன் தொடங்கிய இயக்கத்தின் கூட்டங்கள் நம் தமிழகத்திலும் நடைபெறுகின்றன. குடும்பத்தினருக்கான கூட்டங்களும் உள்ளன. நோயுற்றவர் வரும் வரை காத்திராமல், வீட்டிலுள்ளோர் முதலில் அங்கே செல்லலாம்.